பார்டர்ல சுகர், மேல தூக்க முடியாத கை: ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

கத்தரிப்பூ கலர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்ல யீஷுன் பக்கம், வயசு 48, சைல்ட்கேர்ல வேலை. ஹெல்தியர் எஸ்ஜின்னு அரசாங்கத் திட்டம் இருக்குல்ல, அதுல பேர் குடுத்த கிளினிக்லேர்ந்து மெசேஜ் மேல மெசேஜ் வந்துகிட்டே இருந்துச்சு, சரி போய்த்தான் பார்ப்போமேன்னு ரத்தம் குடுத்தேன். வெறும் வயித்துல 6.4, எச்பிஏ1சி (அதான் மூணு மாச சராசரி சுகர்) 6.5, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 3.9, பிபி ஓகே. டாக்டர் என்னன்னா "இப்பவே டயபடிஸ்னு சொல்ல முடியாது, குளுக்கோஸ் தண்ணி குடிச்சி ஒரு டெஸ்ட் எடுத்துட்டு பேசுவோம்"னு தேதி போட்டு அனுப்பிட்டாரு.

கும்பகோணத்துல இருக்குற தம்பிக்கு இதை போட்டோ எடுத்து அனுப்புனா, "6.5ன்னா சுகர் வந்தாச்சு அக்கா, இங்க இருந்தா அன்னைக்கே மாத்திரை எழுதியிருப்பாங்க, நீ ஏன் இன்னொரு டெஸ்ட்டு மறுபடி டெஸ்ட்டுன்னு அலையிற"ங்கிறான். அவனோட ரிப்போர்ட்ல ஃபாஸ்டிங் 118ன்னு போட்டிருக்கு, எனக்கு 6.4ன்னு இருக்கு, எதை எதோட ஒப்பிடுறதுன்னே புரியல. ஊருக்கு ஊர் சுகர் மாறுமா என்ன?

இன்னொன்னு. கொஞ்ச மாசமா இடது தோள்பட்டை சரியில்ல. முதல்ல ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுத்தா மட்டும் வலிச்சுது, இப்ப கையைப் பின்னாடி கொண்டுபோய் ப்ளவுஸ் கொக்கி போட முடியல, தலை பின்ன முடியல, பஸ்ஸுல மேல இருக்குற பிடியைப் பிடிச்சா கண்ணுல தண்ணி வருது. கூட வேலை செய்யிறவங்க மலேசியாவுல ஜோகூர்லேர்ந்து வாங்கிக் குடுத்த மூலிகை கேப்சூல் சாப்பிட்டதும் ரெண்டே நாள்ல வலி பாதி குறைஞ்சுது, அதான் இப்ப ஓடிகிட்டிருக்கு. ஆனா கை மேல போக மாட்டேங்குது. வீட்டுக்காரர் எதைக் கேட்டாலும் "வயசாயிடுச்சு"ன்னு ஒரே பதில், அவருக்கு 52 ஆகுது அதை மட்டும் மறந்துடுவாரு. மாசக் கணக்கும் முன்ன பின்ன ஆகுது, வந்தா ரொம்ப அதிகமா போகுது, நடு ராத்திரி வேர்த்துக் கொட்டி முழிப்பு வருது. இது எல்லாம் ஒரே விஷயமா இல்ல தனித்தனியா? யாருக்காவது இப்படி இருந்தா சொல்லுங்க.


தே ஓ கோசோங்:

வாங்க சிஸ்டர். சுகர் விஷயத்துல நான் இங்க சீனியர், 2016-ல அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரா போர்னு அறிவிச்சாங்கல்ல, அந்த வருஷந்தான் எனக்கும் கண்டுபிடிச்சாங்க, போர் எம்மேலதான்னு ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்க.

முதல்ல தம்பி கணக்கு. இங்க மில்லிமோல்ல போடுவாங்க, ஊர்ல மில்லிகிராம்ல. குளுக்கோஸா இருந்தா 18-ஆல பெருக்குங்க, உங்க 6.4 அங்க 115. அவரோட 118 இங்க 6.6 கிட்ட வரும், அதாவது உங்களை விட அவருக்குத்தான் ஒரு துளி கூட, அதை முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க 😄 கொலஸ்ட்ராலுக்கு 18 கிடையாது, 38.67, உங்க 3.9 அங்க 150 சொச்சம். இந்த ரெண்டு நம்பரும் தெரியாம வாட்ஸ்அப்ல குடும்பச் சண்டையே நடக்குது.

எச்பிஏ1சிக்கு ரெண்டு ஊர்லயும் அதே சதவீதந்தான், ஆனா கோடு போடுற இடம் வேற. அமெரிக்கக் கணக்குப்படி 5.7-லேர்ந்து 6.4 வரைக்கும் ப்ரீ டயபடிஸ், அதாவது சுகருக்கு முந்தின படி, 6.5 ஆனா டயபடிஸ், ஊர்ல நிறைய டாக்டர்ங்க அதைத்தான் பார்க்குறாங்க. சிங்கப்பூர்ல 6.0 வரைக்கும் இல்ல, 7.0-லேர்ந்து இருக்கு, நடுவுல 6.1 டு 6.9 வந்தா ஃபாஸ்டிங்கோ குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட்டோ எடுத்து உறுதி பண்ணணும். உங்க ஃபாஸ்டிங்கும் 6.1க்கும் 6.9க்கும் நடுவுல மாட்டியிருக்கு, அதனாலதான் அடுத்த டெஸ்ட். டாக்டர் இழுத்தடிக்கல, புத்தகத்துல உள்ளபடி செய்யிறாரு. தண்ணியில 75 கிராம் குளுக்கோஸ் இருக்கும், குடிச்சி ரெண்டு மணி நேரம் கழிச்சு 7.8க்கு கீழன்னா சந்தோஷம், 7.8 டு 11.0ன்னா ப்ரீ, 11.1ன்னா எங்க கட்சி.

சாப்பாடு பத்தி நீங்க கேக்கல, ஆனா நான் சொல்லாம விட மாட்டேன். வேலை இடத்துல தே, அதான் தேத்தண்ணி, குடிக்கிறீங்களா? சாதா தேன்னா டின் பால், அதுலயே சீனி ஊறிக் கிடக்கு. தே சின்னு சொன்னா நல்லதுன்னு பாதிப் பேர் நினைக்கிறாங்க, பால்தான் மாறுது, சீனி தனியா போட்டுத்தான் குடுப்பாங்க. பால் போடாத தே ஓலயும் சீனி உண்டு. கோசோங்ங்கிற வார்த்தை வந்தாத்தான் சீனி போகும். சியூ டாய், அதான் சீனி கம்மின்னு ஆரம்பிச்சு மெல்ல மெல்ல கோசோங்குக்கு வாங்க, ஒரேயடியா மாத்துனா மூணாம் நாள் கோபம் பிள்ளைங்க மேல போகும், அதுவும் நீங்க சைல்ட்கேர்ல வேற. டின், பாட்டில் வாங்குனா 2022 கடைசிலேர்ந்து ஏ பி சி டின்னு கிரேடு ஒட்டியிருக்கு, டியைத் தொடாதீங்க.

சோறு நிறுத்தணும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அளவைக் குறைச்சு, காய் முட்டை மீனை முதல்ல சாப்பிட்டுட்டு சோத்தைக் கடைசில தொட்டா அதே சோறு குறைவாத்தான் ஏத்தும். ராத்திரி சாப்பிட்டதும் புளோக்கைச் சுத்தி ஒரு கால் மணி நேரம் நடங்க. இதை நான் மிஷின்ல குத்திப் பார்த்தே சொல்றேன், நடந்த அன்னைக்கும் நடக்காம டிவி பார்த்த அன்னைக்கும் நம்பர் நல்லாவே வித்தியாசப்படுது.

தோள்பட்டை பத்தி எனக்குத் தெரியாது.


அம்மாச்சி ரசம்:

கவலைப்படாதம்மா. வெந்தயத்தை ராத்திரி ஊறப் போட்டு காலையில அந்தத் தண்ணியோட மென்னு சாப்பிடு, எங்க மாமியாருக்கு அப்படித்தான் குறைஞ்சுது. காலையில இட்லி தோசைய விட்டுட்டு ராகிக் கஞ்சி குடி. தோளுக்கு நொச்சி இலை ஒத்தடம், தேக்கா சந்தையில இலைக்காரம்மாகிட்ட கேட்டா எடுத்து வச்சிக் குடுப்பாங்க. கேப்சூல் கேட்குதுன்னா விடாம சாப்பிடு, மூலிகைதானே.


ராத்திரி ஷிப்ட்:

அம்மாச்சி, வெந்தயம் ஒத்தடம் எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் தயவுசெஞ்சு திரும்ப எடுத்துக்குங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

கத்தரிப்பூ அக்கா, நான் நர்ஸ், வார்டுல வேலை. உங்க டாக்டர் நானில்ல, அதனால இதைப் படிச்சிட்டு அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியா மட்டும் எடுத்துக்குங்க. உங்க போஸ்ட்டுல எனக்கு முதல்ல உறுத்துனது சுகரும் இல்ல தோளும் இல்ல, அந்த கேப்சூல். மூலிகைல ரெண்டு நாள்ல வலி பாதி குறையிறது ரொம்ப அபூர்வம். எச்எஸ்ஏ, அதான் நம்ம சுகாதார அறிவியல் ஆணையம், இந்த மாதிரி மூட்டுவலிப் பொருளைப் பிடிச்சு சோதிச்சு திரும்பத் திரும்ப எச்சரிக்கை போட்டிருக்காங்க. வெளிய இயற்கை, மூலிகைன்னு எழுதியிருக்கும், உள்ள டெக்சாமெத்தசோன்னு ஸ்டீராய்டு, சில நேரம் கூட வலி மாத்திரை, அலர்ஜி மாத்திரைன்னு சேர்த்து அரைச்சிருப்பாங்க. உங்க கேப்சூல்ல அது இருக்குன்னு நான் சொல்லல, பார்த்தா யாருக்கும் தெரியாது, லேப்ல போட்டாத்தான் தெரியும். ஆனா ஸ்டீராய்டா இருந்தா அது சுகரை ஏத்தும், முக்கியமா சாப்பிட்ட பின்னாடி வர்ற சுகரை. அப்படின்னா நீங்க எடுக்கப் போற குளுக்கோஸ் டெஸ்ட் எதைக் காட்டும்? உங்க உடம்பையா, கேப்சூலையா?

அதனால நான் கேக்குற கேள்வி இதுதான்: எவ்வளவு காலமா சாப்பிடுறீங்க, தினமுமா, முகம் உப்பின மாதிரி இருக்கா, லேசா இடிச்சாலே கன்னிப் போகுதா, வயித்துல மட்டும் சதை போடுதா? பதில் சொல்லுங்க.

அடுத்தது மாசக் கணக்கு. ரொம்ப அதிகமா போகுதுன்னு சொன்னீங்க, ஹீமோகுளோபின் பார்த்தாங்களா? இரும்புச்சத்து குறைஞ்ச ரத்தசோகை இருந்தா எச்பிஏ1சி உள்ளதை விடக் கூடுதலா காட்டும். ஏன்னா அந்த டெஸ்ட் சிவப்பணுல ஒட்டியிருக்குற சர்க்கரையைத்தான் எண்ணுது, அணுவோட ஆயுசு கூடுனாலோ குறைஞ்சாலோ எண்ணிக்கையும் தப்பும். தலசீமியா மாதிரி பரம்பரை ரத்தக் கோளாறு இருக்குறவங்களுக்கும் இப்படித்தான், அவங்களுக்கு அந்த டெஸ்ட்டை நம்பவே முடியாது. உங்க டாக்டர் ஒரு நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டு மாத்திரை எழுதாதது நல்லதுக்குத்தான். இன்னொன்னு, இந்த வயசுல முன்ன பின்ன ஆகுறதும் ராத்திரி வேர்க்குறதும் மெனோபாஸ் நெருங்குறதுதான் பெரும்பாலும், ஆனா அதிகமா போறதை "அப்படித்தான் இருக்கும்"னு விடக் கூடாது, ஸ்கேன் ஒன்னு பார்த்துடணும். எல்டிஎல் ஏறுறதும் இந்தச் சமயத்துல சகஜம்.

இப்ப தோள். நீங்க சொல்றது ஃப்ரோசன் ஷோல்டர் மாதிரி இருக்கு, டாக்டர் கையைப் பிடிச்சுப் பார்த்தாத்தான் உறுதி. முதல்ல வலி, அப்புறம் இறுகிப் போயி கை போகாது, அப்புறம் தானா மெல்ல விடும், முழுசா விட ஒரு வருஷம், மூணு வருஷம் கூட ஆகலாம். 40க்கும் 60க்கும் நடுவுல வரும், பொம்பளைங்களுக்கு அதிகம், சுகர் இருக்குறவங்களுக்கும் தைராய்டு இருக்குறவங்களுக்கும் இன்னும் அதிகம். ஆக நீங்க தலைப்புல கேட்ட கேள்விக்குப் பதில், ஆமா, சம்பந்தம் இருக்கலாம். தைராய்டும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

இன்னொருத்தர் உங்க கையைப் பிடிச்சுத் தூக்கினா போகுதா? முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கிட்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க, அந்தக் கை மட்டும் நின்னுடுச்சுன்னா டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க. தசைநார் கிழிஞ்சிருந்தா பொதுவா நாமளா தூக்க முடியாது, ஆனா அடுத்தவங்க தூக்கினா போயிடும்.


கத்தரிப்பூ கலர்:

தங்கச்சி, படிச்சதும் கை நடுங்கிடுச்சு, அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தா எழுத்தெல்லாம் சீனமும் மலாயும், உள்ள என்ன இருக்குன்னு ஒரு பட்டியலும் கிடையாது. தினமும் காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு, ரெண்டு மூணு மாசம் ஆகியிருக்கும். முகம்... தீபாவளிக்கு எடுத்த போட்டோல என் பொண்ணு "அம்மா உனக்குக் கன்னம் வந்திருக்கு"ன்னா, நல்லா இருக்கேன்னு சொல்றான்னு நினைச்சேன். எடையும் ஏறித்தான் இருக்கு. இடிக்காமலே கன்னியிருக்கு, பிள்ளைங்க விளையாடும்போது பட்டிருக்கும்னு விட்டுட்டேன்.

நீங்க சொன்ன மாதிரி முன்கையைத் திருப்பிப் பார்த்தேன், வலது கை தாராளமா போகுது, இடது கை கால்வாசியில நின்னுடுச்சு, வீட்டுக்காரர் பிடிச்சு இழுத்தும் போகல, நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிட்டாங்க. கேப்சூலை இன்னைக்கே நிறுத்திடட்டுமா?


ராத்திரி ஷிப்ட்:

அக்கா, நீங்களா நிறுத்த வேணாம்! இதைத்தான் சொல்ல ஓடி வந்தேன், ப்ரேக்ல இருக்கேன். உள்ள ஸ்டீராய்டு இருந்து, மாசக் கணக்கா சாப்பிட்டுட்டு, திடீர்னு விட்டா ஆபத்து. வெளியிலேர்ந்து வருதேன்னு நம்ம உடம்பு தானா சுரக்குற அதே மாதிரி ஹார்மோனை, கார்டிசோல்னு பேரு, குறைச்சிருக்கும், நிறுத்துன உடனே அது முழிச்சுக்காது. அப்ப அசதி, தலைசுத்தல், வாந்தி, பிபி இறங்குறது, மயக்கம்னு வரும், முத்துனா ஐசியு வரைக்கும் போகும். டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காதீங்க, நாளைக்குக் காலையிலயே டப்பாவோட கிளினிக்குக் கிளம்புங்க. "இதை இத்தனை காலமா சாப்பிடுறேன், இதுல ஸ்டீராய்டு இருக்குமோன்னு பயமா இருக்கு"ன்னு நேரா சொல்லுங்க. மூலிகைன்னா டாக்டர் திட்டுவாருன்னு மறைக்கிறவங்கதான் எங்ககிட்ட அவசரப் பிரிவுல வந்து படுக்குறாங்க. தேவைப்பட்டா சரியான மருந்தைக் குடுத்து மெல்ல குறைப்பாங்க. அதுக்குள்ள ராத்திரியே வாந்தி, மயக்கம் மாதிரி வந்தா 995, யோசிக்காதீங்க.

குளுக்கோஸ் டெஸ்ட்டை இப்ப எடுக்கலாமா, கேப்சூல் விட்டு கொஞ்சம் தள்ளி எடுக்கலாமான்னு அவரே சொல்லட்டும். உங்களுக்குக் குடுத்தவங்க வேற யாருக்கெல்லாம் குடுத்திருக்காங்கன்னும் கேளுங்க, சண்டைக்கு இல்ல, அவங்களும் சாப்பிடுறாங்களான்னு தெரியணும்ல.


அம்மாச்சி ரசம்:

ஐயோ நான் வேற விடாம சாப்பிடுன்னு எழுதினேனே, அதை எடுத்துடுறேன்மா. ராகி பரவால்லதானே?


தே ஓ கோசோங்:

அம்மாச்சி, ராகியை மாவாக்கி கூழா காய்ச்சுனா சுகர் சீக்கிரம் ஏறும், களியோ அடையோன்னா கொஞ்சம் தேவலை, அதுவும் அளவுதான் முக்கியம். சுகருக்கு நல்லதுன்னு ரெண்டு டம்ளர் கஞ்சி குடிச்சிட்டு வந்து மிஷினைத் திட்டுற ஆளுங்க எங்க புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல நிறைய.

சிஸ்டர், ஒருவேளை டெஸ்ட்ல ப்ரீன்னு வந்தாலும் சும்மா இருந்துடாதீங்க. சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நம்ம ஆளுங்க 531 பேரை வச்சு பண்ணி 2006-ல வெளியிட்ட ஆய்வு ஒன்னு இருக்கு, எல்லாருமே உங்க மாதிரி பார்டர். மூணு வருஷத்துல எதுவும் மாத்தாம இருந்தவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு சுகர் வந்துடுச்சு, சாப்பாடு நடைன்னு மாத்துனவங்கள்ல 39. மாத்திரை எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மாத்தியும் 39 பேருக்கு வருதேன்னு நீங்க கேக்கலாம், எனக்கும் அது கசக்கத்தான் செஞ்சுது. நம்ம இந்தியருக்கு எடை ரொம்பக் கூடாமலே வருது, அதான் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 23 தாண்டுனாலே இங்க உஷாராகச் சொல்றாங்க, இடுப்பு பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 90. என் இடுப்பைக் கேக்காதீங்க.


கணக்குப்பிள்ளை:

ஒரு விஷயம் யாரும் சொல்லல. "டெஸ்ட் எடுத்து சுகர்னு எழுதிட்டா இன்சூரன்ஸ் கிடைக்காது, அதனால முதல்ல பாலிசி எடுத்துட்டு அப்புறம் டெஸ்ட் எடுங்க"ன்னு உங்களுக்கு யாராவது ஏஜண்ட் சொல்வாங்க, எனக்கும் சொன்னாங்க. உங்க 6.5 ஏற்கனவே ரெக்கார்டுல ஏறிடுச்சு, இனிமே பாரத்துல "அசாதாரண ரிசல்ட் வந்திருக்கா"ன்னு கேட்டா ஆமான்னுதான் எழுதணும், மறைச்சா பின்னாடி கிளெயிம் அடிபடும். மெடிஷீல்டு லைஃப்ங்கிற அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ் 2015 நவம்பர்லேர்ந்து சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) எல்லாருக்கும் உண்டு, முன்னாடியே இருக்குற நோய்க்கும் உண்டு, அதனால ஒன்னுமே இல்லாம நிக்க மாட்டீங்க. அதுக்கு மேல எடுக்குற தனியார் பிளான்லதான் விலக்கு போடுவாங்க.

செலவுக்கு, ப்ரீ டயபடிசும் மெடிசேவ், அதான் சம்பளத்துலேர்ந்து மருத்துவத்துக்குன்னு ஒதுக்குற சேமிப்பு, அதுலேர்ந்து எடுக்குற நாள்பட்ட நோய் லிஸ்ட்ல இருக்கு, வருஷத்துக்கு இவ்வளவுன்னு வரம்பு உண்டு, சிக்கல் கூடுன நோய்னா வரம்பும் கூடும். சிட்டிசனா இருந்து ஹெல்தியர் எஸ்ஜில இருந்தா ஸ்க்ரீனிங்குக்குக் காசு இல்ல, பிஆருக்கு வேற கணக்கு, கவுண்டர்ல கேட்டுக்குங்க. வீட்டுக்காரருக்கு 52ன்னு சொன்னீங்க, அவரை ஏன் இன்னும் கூட்டிட்டுப் போகல? 50 தாண்டுனா மலப் பரிசோதனைக் கிட்டும் வருஷா வருஷம் செய்யணும்.


கத்தரிப்பூ கலர்:

போயிட்டு வந்துட்டேன். டாக்டர் திட்டல, டப்பாவை போட்டோ எடுத்துக்கிட்டாரு, ஒரு கேப்சூல் கூட விடாம எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டாரு, எச்எஸ்ஏவுக்குத் தகவல் குடுக்குறேன்னாரு. காலையில ரத்தம் எடுத்து கார்டிசோல் பார்க்க அனுப்பியிருக்காங்க, அது வர்ற வரைக்கும் அவர் குடுத்த மாத்திரை, அதை எப்படிக் குறைக்கணும்னு தாள்ல எழுதிக் குடுத்திருக்காரு. ஹீமோகுளோபின் 9.8ங்க, கம்மியாம், அதனால இரும்பு மாத்திரையும் உண்டு, ஸ்கேனுக்கு லெட்டரும் உண்டு. குளுக்கோஸ் டெஸ்ட்டைத் தள்ளி வச்சாச்சு. தோள் ஃப்ரோசன்தான்னு சொல்லி ஃபிசியோவுக்கு அனுப்பியிருக்காரு. ஊசி போடலாம், ஆனா அதுவும் ஸ்டீராய்டு, இப்ப வேணாம்னாரு. கேப்சூல் குடுத்தவங்களுக்கும் சொல்லிட்டேன், அவங்க அம்மா ஒரு வருஷமா சாப்பிடுறாங்களாம், அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க.

தம்பிகிட்ட 118ன்னா 6.6ன்னு சொன்னேன், போனை வச்சுட்டான்.

தங்கச்சி, ஃபிசியோவுல கையை இழுப்பாங்களா? அப்புறம் அந்தக் குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட் அன்னைக்கு ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?


ராத்திரி ஷிப்ட்:

9.8ஆ, அப்ப அந்த 6.5-ஐ யாரும் கல்வெட்டுல எழுத வேணாம் அக்கா. இரும்பு மாத்திரையை தேத்தண்ணியோட போடாதீங்க, தேத்தண்ணி இரும்பை உள்ள போக விடாது, நடுவுல ஒரு மணி நேரமாவது விடுங்க. ஃபிசியோவுல முரட்டுத்தனமா இழுக்க மாட்டாங்க, வலியோட ஓரம் வரைக்கும்தான். வீட்டுலயும் குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு ஆட்டுறது, சுவத்துல விரலால மெல்ல ஏறுறதுன்னு சொல்லித் தருவாங்க, தினமும் செய்யணும். வீட்டுக்காரர் இழுக்கக் கூடாது!

டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரியிலேர்ந்து வெறும் தண்ணிதான். அதுக்கு முன்னாடி சில நாள் சோத்தை ரொம்பக் குறைச்சுக்கிட்டுப் போகாதீங்க, வழக்கம் போல சாப்பிடுங்க, இல்லன்னா ரிசல்ட் தப்பா வரும். குடிச்சதும் சிலருக்கு குமட்டும், எலுமிச்சை வாசனை இருந்தா கொஞ்சம் தேவலை. ரெண்டு மணி நேரம் நடக்க விட மாட்டாங்க, எழுந்து கோப்பிக்கடைக்கும் போக முடியாது, சால்வை ஒன்னு கொண்டு போங்க, ஏர்கான் அங்க ரொம்ப ஜில்லுன்னு இருக்கும்.


தே ஓ கோசோங்:

போன் சார்ஜரையும் எடுத்துக்குங்க சிஸ்டர்.